நடுவீட்டுத் திருஇருதயப் படம்: சட்டமிட்ட பழைய கத்தோலிக்கப் படங்களை மதிப்பிடுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டை இடிக்கிறோம், பாகம் பிரிக்கிறோம், அம்மா காலமாகிவிட்டார். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் ஒரு பழைய படத்தை என் மேசைக்குக் கொண்டுவருகிறது. துணியில் சுற்றிய திருஇருதய ஆண்டவர், வியாகுல மாதா, கைக்குழந்தையோடு சூசையப்பர். கொண்டுவருபவர் கேட்கும் முதல் கேள்வி விலையைப் பற்றியது. அது நியாயமான கேள்விதான், பதிலும் கீழே இருக்கிறது. ஆனால் விலைக்கு முன் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் விற்றவர்களும் தெரியாமல் எறிந்தவர்களும் பின்னால் வருந்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வரிசையில் எழுதுகிறேன்.

“நூறு வருடப் படம்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம். ஒரு சட்டப் படத்துக்கு மூன்று வயது உண்டு: உருவம் முதலில் வரையப்பட்ட காலம், உங்கள் கையிலுள்ள தாள் அச்சான காலம், அதற்குச் சட்டம் போட்ட காலம். இந்த மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

திருஇருதயப் படத்தையே எடுத்துக்கொள்வோம். இதயத்தைக் கையில் ஏந்தி நம்மை நேராகப் பார்க்கும் இயேசுவின் உருவம் பொம்பேயோ பத்தோனி என்ற இத்தாலிய ஓவியருடையது. 1767-ல் செப்புத் தகட்டின்மேல் அவர் தீட்டிய படம் ரோமில் இயேசு சபையாரின் ஜெசு ஆலயத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து அச்சிட்டவர்களுக்கும் சிறிது மாற்றி வரைந்தவர்களுக்கும் கணக்கே இல்லை. ஆகவே உருவத்துக்கு இரண்டரை நூற்றாண்டு வயதாகியிருந்தாலும், உங்கள் தாள் 1960-ல் அச்சானதாக இருக்கலாம். அந்தத் தாளை 1920-ல் செய்த தேக்குச் சட்டத்துக்குள் யாரோ மாற்றிச் செருகியும் இருக்கலாம். பெரியவர்களின் நினைவில் நிற்பது சட்டம். உள்ளே படம் மாறியதை அவர்கள் பல நேரம் கவனித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் படம் கித்தான்மேல் வரைந்த எண்ணெய் ஓவியம் போல இருக்கிறது. ஓவியமா, அச்சா?

அநேகமாக ஓலியோகிராப், அதாவது ஓவியம் போலத் தோன்றும் கல்லச்சுப் படம். ரவிவர்மா படங்கள் என்றால் உங்களுக்கு எளிதில் புரியும். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலும் இதே கல்லச்சு முறைதான். சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசை கொண்டு வரைந்து அச்சிடும் முறையை ஜெர்மானியரான அலாய்ஸ் செனஃபெல்டர் 1796-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டுபிடித்தார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று பல வண்ணங்களில் அச்சிடும் முறைக்கு 1837-ல் பிரான்சின் எங்கெல்மன் காப்புரிமை பெற்றார். நல்ல படம் ஒன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படும். அப்படி அச்சான தாளுக்கு வார்னிஷ் பூசி, கித்தானின் இழை போன்ற தடத்தை அழுத்திப் பதித்தால் அது ஓலியோகிராப். ஓவியம் வாங்க வசதியில்லாத குடும்பத்தின் சுவரிலும் ஓவியத்தின் பொலிவு இருக்கட்டும் என்று செய்யப்பட்டது அது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். உண்மையான ஓவியத்தில் வண்ணம் தடித்த இடத்தில் மேடும் மெலிந்த இடத்தில் பள்ளமும் தெரியும். ஓலியோகிராபில் முகம், மேகம், அங்கி என்று எல்லா இடத்திலும் ஒரே சீராக இழைத்தடம் ஓடும். மூக்கின் மேலும் அதே இழை, வானத்தின் மேலும் அதே இழை.

உருப்பெருக்கியில் என்ன பார்க்க வேண்டும்?

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். கன்னத்தின் நிழல், உதட்டின் ஓரம் போன்ற இடங்களைப் பாருங்கள். வண்ணங்கள் மென்மையாக மாறும் இடத்தில்தான் அச்சுமுறை தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியது போலவோ கையால் குத்தியது போலவோ இருந்து, இளஞ்சிவப்பு, பழுப்பு, சாம்பல் நீலம் என்று பல தனி வண்ணங்கள் தெரிந்தால் அது கல்லச்சு. புள்ளிகள் வரிசை பிசகாமல் சிறு ரோஜா வட்டங்களாகக் கூடி, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கே வண்ணங்களாக இருந்தால் அது ஆஃப்செட் என்ற பிற்கால இயந்திர அச்சு. சிவகாசித் தாள்களில் பெரும்பாலானவை இந்த வகை. வரிசையே இல்லாத மிக நுண்ணிய தூறலாக இருந்தால், அண்மையில் கணினி வழியாக எடுத்த நகல்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கின் கீழ் தாளின் ஓரத்தைக் காட்டுங்கள். பளீரென்ற நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அந்தத் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. காகிதத்தில் அதைச் சேர்க்கும் வழக்கம் 1950-ஐ ஒட்டித்தான் பரவியது. அத்தகைய தாள் 1890-ஐச் சேர்ந்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

படத்தின் அடியில் சிறிய எழுத்தில் வெளிநாட்டுப் பெயர் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

அது பதிப்பாளரின் பெயராகவோ அச்சான நாட்டின் பெயராகவோ இருக்கும். சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் என்ற திருத்தல ஊரில் 1792-ல் தொடங்கிய பென்சிகர் நிறுவனம், பாரிஸின் பூவாஸ்-லெபெல், மிலானின் பொனெல்லா சகோதரர்கள் ஆகியவை உலகெங்கும் கத்தோலிக்கப் படங்களை அனுப்பிய பதிப்பகங்கள். பென்சிகர் 1853-ல் நியூயார்க்கிலும் கிளை திறந்தது. இத்தகைய பெயர் தெளிவாக இருந்தால் மதிப்பீட்டில் பாதி வேலை முடிந்துவிடும்.

நாட்டின் பெயருக்கும் வரலாறு உண்டு. இறக்குமதிச் சரக்கின் மீது எந்த நாட்டில் செய்தது என்று குறிக்கும் வழக்கம், பிரிட்டனின் 1887-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவின் 1889-ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு பரவியது. ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ‘செக்கோஸ்லோவாகியா’ என்றால் 1918-க்கு முன் போக முடியாது. ஆனால் நாட்டின் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து 1887-க்கு முந்தையது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வரி பல நேரம் மரச்சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருக்கும். சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று கத்தரித்தும் இருப்பார்கள்.

தமிழில் வாசகம் இருக்கிறது. அதை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மகிழ்ச்சி. தமிழ்க் கத்தோலிக்கரின் மொழியே ஒரு காலக்கண்ணாடி.

கத்தோலிக்க ஆயர்கள் உலகெங்குமிருந்து கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதன்பின் வழிபாட்டுத் தமிழ் மாறியது. அதற்கு முன் அச்சான படங்களில் ‘சேசு’, ‘சேசுநாதர்’ என்று இருக்கும், பிறகு ‘இயேசு’. முன்னே ‘அர்ச்சியசிஷ்ட’, சுருக்கமாக ‘அர்ச்.’, பின்னே ‘புனித’. சம்மனசு வானதூதர் ஆனது. இஸ்பிரீத்து சாந்து பரிசுத்த ஆவியாகி, தூய ஆவியும் ஆனது. இராயப்பர் பேதுருவாகவும் சின்னப்பர் பவுலாகவும் மாறினார்கள். ‘சேசுவின் மதுரமான திரு இருதயமே, என் சிநேகமாயிரும்’ என்ற வரியை ஒரு படத்தின் அடியில் பார்க்கும்போது, அதைச் சொல்லி வளர்ந்த தலைமுறையின் குரலே காதில் விழுகிறது.

இதை மட்டும் தனிச்சான்றாக எடுக்க வேண்டாம். மக்கள் வாயில் பழைய சொற்கள் வெகுகாலம் நீடித்தன. சூசையப்பர் இன்றும் சூசையப்பர்தான். ‘அர்ச்.’ என்று 1975-லும் ஒரு சிறு அச்சகம் போட்டிருக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கம் உறுதியாகச் சொல்லலாம்: ‘புனித’ என்றும் ‘இயேசு’ என்றும் எழுதிய கத்தோலிக்கப் படத்தை 1920 என்று யாராவது சொன்னால், நன்றாகச் சந்தேகப்படுங்கள்.

எழுத்தின் வடிவத்தையும் பாருங்கள். லை, னை, ணை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற பழைய கொம்போடும், றா, னா, ணா ஆகியவை சுழித்த வடிவத்தோடும் இருந்தால், தமிழ்நாட்டு அரசு 1978-ல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய மரபு அது. அச்சகங்கள் பழைய வார்ப்பு எழுத்துகளைச் சில காலம் விடாமல் வைத்திருந்ததையும் கணக்கில் கொள்ளுங்கள்.

படத்திலுள்ள புனிதரை வைத்தே காலம் சொல்ல முடியும் என்கிறார்களே?

ஆம். பட்டம்தான் சாட்சி. குழந்தை தெரேசம்மாள் இறந்தது 1897-ல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் 1923-ல், புனிதர் பட்டம் 1925-ல். அவரை ‘அர்ச்.’ என்று அச்சிட்ட படம் 1925-க்கு முன் இருக்க முடியாது. ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1853-ல் முத்திப்பேறு பெற்றார். 1947-ல் தான் புனிதரானார். அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று மட்டும் குறிப்பிடும் படம் கிடைத்தால், அது 1947-க்கு முந்தையது என்று கொள்ளலாம். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.

வெண்மையும் சிவப்புமாக இரு கதிர்கள் பாயும் இறை இரக்க ஆண்டவர் படத்தை ‘தாத்தாவின் தாத்தா வைத்திருந்தது’ என்று கொண்டுவருவார்கள். அந்த உருவம் முதலில் வரையப்பட்டதே 1934-ல், வில்னியூஸ் நகரில். இன்று பரவலாகக் காணும் வடிவம் போலந்தின் ஆடால்ஃப் ஹீவா 1940-களில் வரைந்ததிலிருந்து வந்தது. அதோடு 1959 முதல் 1978 வரை அந்தப் பக்தியின் அன்றைய வடிவத்தைப் பரப்ப ரோம் தடை விதித்திருந்தது. ஆகவே நம் வீடுகளிலுள்ளவை மிகப் பெரும்பாலும் 1978-க்குப் பிந்தையவை. கிறிஸ்து அரசர் படம் என்றால் அந்தத் திருவிழா ஏற்பட்ட 1925-ஐயும், தொழிலாளரான சூசையப்பர் என்றால் 1955-ஐயும் நினைவில் வையுங்கள். வேளாங்கண்ணி மாதா படத்தில் பசிலிக்கா என்றோ பேராலயம் என்றோ அச்சிட்டிருந்தால் அது 1962-க்குப் பிந்தையது.

பாப்பரசரின் ஆசீர்ச் சான்றிதழ்களைச் சட்டமிட்டு வைத்திருப்பார்கள். அவற்றில் உள்ள பாப்பு யார் என்று பார்த்தால் போதும். பதினொன்றாம் பத்திநாதர் என்றால் 1922 முதல் 1939 வரை; பன்னிரண்டாம் பத்திநாதர் என்றால் 1939 முதல் 1958 வரை.

சட்டத்தின் பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமா?

முன்பக்கத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் உள்ள அதே படம் இருக்கும். உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியது பின்பக்கத்தில்தான் இருக்கும்.

படம் போட்ட கடையின் சீட்டைத் தேடுங்கள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது; ‘மதராஸ்-1’ என்ற பாணியில் முடிந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முன். ‘சிலோன்’ என்றால் பெரும்பாலும் 1972-க்கு முன். கொழும்பில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய குடும்பங்களில் இப்படிச் சீட்டுகளைப் பார்க்கலாம். படத்துக்கும் பலகைக்கும் நடுவே பழைய செய்தித்தாளை வைத்து அடிப்பது சட்டக்காரர்களின் வழக்கம். அதன் தேதிக்கு முன்னால் அந்தச் சட்டம் அடைக்கப்பட்டிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தைத் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்த நாள். மத்தேயோ கிராலி-போவி என்ற குருவானவர் 1907-ல் தொடங்கிய இயக்கம், திருஇருதயப் படத்தை வீட்டின் நடுவே அரசராக நிறுவும் சடங்கை உலகெங்கும் கொண்டுசென்றது. அந்த நாளில் தகப்பன், தாய், பிள்ளைகளின் பெயர்களை எழுதி, பங்குச் சுவாமியார் கையெழுத்திட்டிருப்பார். சில படங்களில் அது அடியிலேயே அச்சான கோடுகளில் இருக்கும். சிலவற்றில் பின்பலகையில் பென்சிலால் எழுதியிருக்கும்.

என் தாய்வழிப் பாட்டி வீட்டுப் படத்தில் அப்படி எழுதியிருந்தது. கண்ணாடி மாற்றக் கொடுத்த கடையில், பூச்சி அரித்த பலகை என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது அட்டை வைத்து அழகாகத் திருப்பித் தந்தார்கள். ஏழு பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன. பிறந்தவுடனே இறந்துபோன இருவரின் பெயர்கள் வேறு எங்கேயும் எழுதப்படவில்லை. அதனால் ஒவ்வொருவரிடமும் மன்றாடிக் கேட்கிறேன்: கடைக்குக் கொடுக்கும் முன் பின்பக்கத்தைப் படம் எடுங்கள், பழைய பலகையைத் திருப்பித் தரச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

சட்டத்தைப் பிரித்துப் பார்க்கலாமா?

ஆணிகள் தளர்ந்து, தாள் கண்ணாடியில் ஒட்டாமல் இருந்தால் நிதானமாகப் பிரிக்கலாம். டார்ச் ஒளியில் பார்க்கும்போது தாளின் ஒரு பகுதி ஈரம் பட்டதுபோல் கறுத்துக் கண்ணாடியோடு அப்பியிருந்தால் பிரிக்காதீர்கள். இழுத்தால் வண்ணம் கண்ணாடியிலும் வெறும் தாள் உங்கள் கையிலும் மிஞ்சும். அது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரின் வேலை. பின்னால் செருகியிருக்கும் குருத்தோலை, புதுநன்மைச் சான்றிதழ், இறந்தவர் நினைவுக்கு அச்சிட்ட சிறு செபப் படம் போன்றவற்றை எடுத்து ஒரு காகித உறையில் படத்தோடு சேர்த்து வையுங்கள்.

சரி, என்ன விலை போகும்?

பெரும்பாலானவை நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே போகும். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டம்தான். ஆனால் காரணம் எளிது. இந்தப் படங்கள் ஏழையின் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று லட்சக்கணக்கில் அச்சிடப்பட்டவை. சந்தையில் விலையைத் தீர்மானிப்பது வயதைவிட அரிதாகக் கிடைப்பதுதான். 1960-க்குப் பிந்தைய ஆஃப்செட் தாளுக்குச் சந்தை விலை ஏறத்தாழ எதுவும் இல்லை. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் தருவதுதான் விலை. ஐரோப்பிய ஓலியோகிராப் என்றாலும் ஈட்டிமர அல்லது பர்மாத் தேக்குச் சட்டம் படத்தைவிட அதிகம் பெறுவது உண்டு. சட்டத்துக்காகவே வாங்கி, வெளியே போனதும் படத்தை உருவிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே யாருக்கு விற்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் அது மாறும். அதைவிட, ‘விலை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தொகைகள் இருக்கின்றன. நீங்கள் வியாபாரியிடம் விற்றால் கையில் கிடைப்பது ஒன்று. அதே படத்தை அவர் கடையில் வாங்கப் போனால் கொடுக்க வேண்டியது இன்னொன்று. தீயிலோ வெள்ளத்திலோ அழிந்தால் அதற்கு இணையானதை வாங்க ஆகும் காப்பீட்டுத் தொகை மூன்றாவது. இணையத்தில் ஒருவர் பெரிய தொகை போட்டிருப்பதைக் காட்டி ‘இதே படம்’ என்பார்கள். அது அவர் கேட்கும் தொகை. யாரும் கொடுத்த தொகை அல்ல. விற்று முடிந்தவற்றின் விலையைத் தேடிப் பாருங்கள். அதே பதிப்பு, அதே அளவு, அதே நிலையில் உள்ள மூன்று நான்கு விற்பனைகளாவது கிடைத்தால்தான் ஒப்பிட முடியும்.

விலையைக் கூட்டுபவை என்றால், படித்தறியக்கூடிய பதிப்பாளர் பெயர், கத்தரிக்கப்படாத ஓரம், மங்காத வண்ணம், முதலில் போட்ட சட்டமும் கண்ணாடியும், தமிழில் அச்சான பழைய வாசகம். உள்ளூர்த் திருத்தலங்களின் பழைய கல்லச்சுப் படங்களுக்கும் தனி மதிப்பு உண்டு. திருஇருதயப் படம் உலகெங்கும் கிடைக்கும். தூத்துக்குடி பனிமய மாதாவின் பழைய கல்லச்சுப் படம் அப்படிக் கிடைக்காது. அதை இந்தக் கடற்கரையில்தான் பாதுகாக்க முடியும்.

பழையது போலச் செய்த நகலை எப்படி அடையாளம் காண்பது?

மேலே சொன்ன உருப்பெருக்கியும் ஊதா விளக்கும் பெரும்பாலானவற்றைக் காட்டிவிடும். பழுப்பையும் கவனியுங்கள். உண்மையான பழுப்பு சீராக இருக்காது. ஒளி பட்ட இடமும் சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்த இடமும் இரு நிறமாக இருக்கும். பலகையின் மரக்கோடு தாளின் முதுகில் கறையாக இறங்கியிருக்கும். தேநீரில் நனைத்தது போல முன்னும் பின்னும் ஒரே பழுப்பாக இருந்தால் அது அண்மையில் செய்த வேலை.

சட்டத்துக்குள் சிறு துணித்துண்டும் சிவப்பு அரக்கு முத்திரையும் இருக்கின்றன.

அதை விலை பேசாதீர்கள். அது அருளிக்கமாக, அதாவது ஒரு புனிதரின் உடலிலிருந்தோ உடையிலிருந்தோ எடுத்துப் பாதுகாத்த துண்டாக இருக்கலாம். சிறு சீட்டில் லத்தீனில் ‘எக்ஸ் ஒசிபுஸ்’ என்றிருந்தால் எலும்பிலிருந்து எடுத்தது. ‘எக்ஸ் இந்துமெந்திஸ்’ என்றால் உடையிலிருந்து எடுத்தது. அருளிக்கங்களை விற்பது முற்றிலும் தகாதது என்று திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் விதி சொல்கிறது. முத்திரையை உடைக்காமல், உடனிருக்கும் சான்றுக் கடிதத்தோடு பங்குத்தந்தையிடமோ மறைமாவட்ட அலுவலகத்திலோ காட்டுங்கள்.

மந்திரித்த படத்தை விற்பது பாவமா?

படமும் சட்டமும் பொருள்கள். அவற்றின் பொருள் மதிப்புக்கு விற்கலாம். மந்திரித்தது என்பதற்காக விலையைக் கூட்டக் கூடாது. அது ஆசீரை விற்பதாகும். பொருளை விற்றால் அதோடு இணைந்த ஞானப்பலன் நின்றுவிடும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. வாங்கியவர் விரும்பினால் மீண்டும் மந்திரித்துக்கொள்ளலாம். ஆசீர்வதிக்கப்பட்ட பொருளை மரியாதையோடு நடத்த வேண்டும் என்றும் 1171-ஆம் விதி கேட்கிறது. கேலிக்குரிய அலங்காரத்துக்காக மாதா படம் தேடுபவருக்கு விற்காமல் இருப்பது உங்கள் உரிமை. நான் அப்படித்தான் செய்வேன்.

எழுத்து மூலமான மதிப்பீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

தாள், படப்பரப்பு, சட்டம் ஆகிய மூன்றின் அளவும் தனித்தனியே சென்டிமீட்டரில். அச்சுமுறை. அடியிலுள்ள வாசகம் எழுத்துப் பிசகாமல். குறைகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் என்று. மேலே சொன்ன மூன்று தொகைகளில் எது, எந்தத் தேதியில், எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டு. முன்னும் பின்னும் எடுத்த படங்கள். ‘பழமையான அரிய படம், விலை இவ்வளவு’ என்ற இரண்டு வரிக் கடிதம் மதிப்பீடு ஆகாது.

மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால் அந்த மதிப்பீட்டை ஏற்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் குறைத்துச் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கூலி கேட்பவருக்கோ கூட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது.

பிள்ளைகள் நான்கு பேர், படம் ஒன்று. எப்படிப் பங்கிடுவது?

இந்தக் கேள்விக்கு விலை உதவாது. ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் படத்துக்கு மதிப்புப் போட்டு, எடுத்துக்கொள்பவர் மற்றவர்களுக்குப் பணம் தருவது என்று பேசினார்கள். நான் சொன்ன தொகை நால்வருக்கும் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் இளைய தங்கைதான், “அம்மாவைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டது பெரிய அண்ணி. அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அண்ணா” என்றார். நால்வரும் பின்பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். நல்ல தரத்தில் நகல் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதிலும் குறையில்லை. நகலின் பின்னால், மூலம் யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது? சிவப்பு விளக்கு இருக்கலாமா?

ஈரத்துணி கண்ணாடிக்கு மட்டும். அதுவும் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடிமேல் நேராகத் தெளித்தால் நீர் வழிந்து சட்டத்துக்குள் இறங்கும். படத்தின்மேல் தண்ணீர், எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டாம். கிழிசலுக்குச் செல்லோடேப்பும் பெவிகாலும் வேண்டவே வேண்டாம். அவை விடும் மஞ்சள் கறை போகாது. பழைய சட்டக்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியது பூச்சி வராமல் இருக்கத்தான். துத்தம் கலக்காத பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. புதிதாகச் சட்டம் போடும்போது அமிலமற்ற அட்டை கேளுங்கள். தாள் கண்ணாடியைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

திருஇருதயத்துக்கு முன் எரியும் சிவப்பு ஜீரோ வாட் பல்பை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு சாண் தள்ளி வையுங்கள், அல்லது சூடாகாத எல்இடி விளக்காக மாற்றுங்கள். மெழுகுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் நேராகப் படத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் கசியும் வெளிச்சுவரிலும் மாலை வெயில் விழும் சுவரிலும் மாட்டாதீர்கள்.

வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பலாமா?

நூறு ஆண்டுக்குக் குறைந்ததென்றால் தடையில்லை. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வயதில் ஐயம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்று அனுப்புங்கள். கண்ணாடியைக் கழற்றித் தனியாகக் கட்டுவது நல்லது. உடைந்த கண்ணாடியால் கிழிந்த படத்தைச் சரிசெய்ய முடியாது.

கரையான் அரித்து, முகமே தெரியவில்லை. என்ன செய்வது?

குப்பையில் போட வேண்டாம். மந்திரித்த பொருளை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைப்பதோ, அப்படியே கால் மிதிபடாத இடத்தில் புதைப்பதோ வழக்கம். வீட்டில் இடமில்லை என்றால் கோயிலில் கேளுங்கள். அதற்கு முன் பலகையைக் கழற்றி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சில் எழுத்து நேர்வெளிச்சத்தில் தெரியாமல் சாய்வெளிச்சத்தில் தெரியும். பெயரோ தேதியோ இருந்தால், அந்தப் பலகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை எரியுங்கள்.